விடிய விடியக் கூத்து: எங்கள் சேனல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடக்கும் தெருக்கூத்தையும் பாரதத் திருவிழாவையும் வீடியோ எடுத்து யூடியூபில் போடும் சேனல் எங்களுடையது. நான், என் தம்பி, ஒரு நண்பர் என மூன்று பேர் நடத்துகிறோம். போனிலும் கோயில் திடலிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவசரத்தில் பாதி பதில் சொல்லி அனுப்பிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறேன். அதனால் ஆற அமர உட்கார்ந்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் எந்த ஊர்? முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்?

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குப் புளி வியாபாரம். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை சொட்டுச் சொட்டாகச் செலவழித்த நெட் திடீரென்று தாராளமாகக் கிடைத்தது. என் அறையில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் சினிமா பார்த்தார்கள், நான் எங்கள் ஊர்க் கூத்தைத் தேடினேன். ஒன்றிரண்டுதான் கிடைத்தது, அதுவும் வேறு மாவட்டத்தது. அடுத்த வருடம் சித்திரையில் பக்கத்து ஊர்ப் பாரதத்துக்குப் போனபோது போனில் எட்டு நிமிடம் எடுத்து ஏற்றினேன். சேனல் அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த முதல் வீடியோ இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, அழிக்க மனம் வரவில்லை. படம் முழுக்க ஆடுகிறது, பாதி நேரம் ஒரு தாத்தாவின் தலைத்துண்டுதான் தெரிகிறது. வீமன் வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடுகிறார். இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்திருக்கிறார்கள், அதற்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் அசைகிறது. அவ்வளவுதான். ஆனால் அதற்கு வந்த முதல் கமெண்ட் பெங்களூரில் கட்டட வேலை செய்யும் ஒருவருடையது. எங்கள் பக்கத்துக்காரர். "ஊருக்கு வர லீவு கிடைக்கல அண்ணா, குரலைக் கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு" என்று எழுதியிருந்தார். இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் எடுக்கிறோம் என்பது அன்றைக்கே எனக்குள் முடிவாகிவிட்டது.

பாரதம், கூத்து இரண்டும் ஒன்றா? வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்குங்களேன்.

பாரதம் என்பது திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பெரும்பாலும் பதினெட்டு நாள் நடக்கும், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பகலில் கோயில் முன்னால் மகாபாரதச் சொற்பொழிவு, இரவில் அன்றைய கதையைக் கூத்தாக ஆடுவார்கள். வில் வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ணன் மோட்சம் என்று வரிசையாகப் போகும். கடைசி நாள் காலையில் படுகளம், சாயந்திரம் தீமிதி.

படுகளத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் சேனலில் அதிகம் பார்க்கப்படுவது அதுதான். திடலில் துரியோதனனை மண்ணால் படுத்த வாக்கில் செய்து வைத்திருப்பார்கள். பேருந்து நீளத்துக்குக்கூடச் செய்வதுண்டு. இரவெல்லாம் ஆடிய வீமனும் துரியோதனனும் விடிந்தபின் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் அங்கிருந்து சிவப்பு நீரை எடுத்துத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். கூட்டமே அப்போது பெருமூச்சு விடும். அதற்குப் பிறகு ஜனங்கள் அந்த மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய் வீட்டில் தானியத்தோடு போட்டு வைப்பார்கள். என் அம்மாவும் ராகிக் குதிரில் போட்டு வைத்திருக்கிறார்.

கூத்து தனியாகவும் நடக்கும். மாரியம்மன் பண்டிகை, காரியம், நேர்த்திக்கடன் என்று எதற்கு வேண்டுமானாலும் வைப்பார்கள்.

என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இரண்டு மிரர்லெஸ் கேமரா, ஒரு பழைய ஹேண்டிகேம், மூன்று ஸ்டாண்ட். மாடல் பெயர் சொல்வதில் பயனில்லை, நீங்கள் வாங்கும்போது வேறு வந்திருக்கும். கூத்துக்குப் பழக வேண்டியது இரண்டு விஷயம்.

முதலாவது வெளிச்சம். டியூப் லைட், எல்.இ.டி. ஃபோகஸ் இரண்டும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடும். ஷட்டரை 50-ல் ஒன்று அல்லது 100-ல் ஒன்று என்று வைத்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறம் கிரீடமும் தோள்கட்டையும் எடை இல்லாத மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. வேடக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது ஒவ்வொரு சில்லும் ஃபோகஸ் லைட்டைப் பிடித்து லென்ஸில் அடிக்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா அதற்குப் பயந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். முகத்து அரிதாரத்தைப் பார்த்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள், கிரீடம் கொஞ்சம் வெளுத்தால் பரவாயில்லை.

இரண்டாவது ஒலி. கேமரா மைக்கில் ஒலிபெருக்கியின் இரைச்சல்தான் கிடைக்கும். மைக்செட்காரரிடம் சாயந்திரமே போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு வயர் கேளுங்கள். முகவீணை என்கிற சின்ன நாயனத்துக்கு மட்டும் தனியாக ஒரு மைக் வைக்கிறோம். வாசிப்பவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஹார்மோனியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இருக்கும்வரை அந்தச் சத்தத்தைச் சுத்தமாகப் பதிவுசெய்துவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறி மாதிரி.

ஒரு ராத்திரி எப்படிப் போகும்?

சாயந்திரம் ஆறு மணிக்கு ஊர் சேர்வோம். முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம் வேடம் கட்டும் கொட்டகைக்குப் போவோம். அங்கே கேமராவை உடனே எடுக்க மாட்டோம். அரிதாரம் பூசுபவர் ஒருவர் எதிரே கண்ணாடி வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் புருவம் இழுத்துக்கொண்டிருப்பார். குழுவை நடத்தும் வாத்தியார் பெட்டி மேல் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன வேடம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவராகக் கூப்பிட்டு "எடுத்துக்கப்பா" என்று சொன்ன பிறகுதான் கேமராவை எடுப்போம்.

பத்து மணிக்கு மேல் மிருதங்கம் களைகட்டும். கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பார். பன்னிரண்டு மணி வரை கூட்டம் நெருக்கியடிக்கும். இரண்டு மணிக்குக் குழந்தைகள் சாக்கு விரித்துத் தூங்கிவிடும். மூன்றிலிருந்து நாலரை வரைதான் எங்களுக்குச் சோதனை. கண் எரியும், பேட்டரி மாற்ற வேண்டும், மெமரி கார்டு நிறைந்திருக்கும். ஒருமுறை நான் நின்றபடியே தூங்கிவிட்டேன், தம்பி எடுத்த பக்கம் மட்டும்தான் மிஞ்சியது. கர்ணன் மோட்சத்தில் குந்தி மடியில் கர்ணன் சாய்வது அந்த நேரத்தில்தான் வரும் என்பதால் இப்போது முறை வைத்துக்கொண்டோம்: ஒருவர் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை வண்டியில் படுத்துக்கொள்வார். விடிந்ததும் ஊர்க்காரர்கள் காபி கொடுத்து, களியும் கீரையும் போட்டுத்தான் அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து கார்டுகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்த பிறகுதான் தூக்கம்.

கலைஞர்களிடம் அனுமதி கேட்கிறீர்களா? பணம் கொடுக்கிறீர்களா?

இரண்டும் உண்டு. ஆரம்பத்தில் கேட்கவில்லை. அது தப்பு. 2018-ல் ஒரு வாத்தியார் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார்: "நான் முப்பது வருஷம் தொண்டை கிழியப் பாடினதை நீ ஒரு ராத்திரியில எடுத்துட்டுப் போற. என் பேரையாவது போட்டியா?" நான் போட்டிருக்கவில்லை. அன்றைக்குத் தலை குனிந்தவன், வீட்டுக்கு வந்து பழைய வீடியோக்கள் எல்லாவற்றிலும் ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர், வாத்தியார் பெயர், வேடக்காரர்கள் பெயர் என்று விசாரித்து விசாரித்து ஏற்றினேன். மூன்று மாதம் பிடித்தது.

இப்போது ஒவ்வொரு வீடியோவின் கீழும் முதல் வரியில், அவர்கள் சம்மதித்தால், ஜமாவின் போன் நம்பரும் இருக்கும். வீடியோ பார்த்துவிட்டு நேராக அவர்களைக் கூப்பிட்டுத் தாம்பூலம் கொடுத்துக் கூத்துக்குப் பேசியவர்கள் உண்டு. நாங்கள் நடுவில் கமிஷன் வாங்குவதில்லை. விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை வருடம் முடிந்ததும் அந்தந்த ஜமாவுக்குக் கொடுக்கிறோம். பெரிய தொகை இல்லை, ஆனால் கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கிறோம்.

யூடியூபில் எவ்வளவு வருகிறது?

தொகையைச் சொல்ல மாட்டேன், எப்படி வருகிறது என்பதை முழுக்கச் சொல்கிறேன்.

விளம்பரம் ஓட 1000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் மக்கள் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி பார்வை வேண்டும். 2017-ல் மொத்தம் 10,000 பார்வை இருந்தாலே போதும் என்றுதான் விதி இருந்தது. எங்களுக்கும் அப்போது விளம்பரம் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் புதிய விதி வந்ததும் எங்கள் மாதிரிச் சின்ன சேனல்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. எங்களிடம் அப்போது அறுநூறு பேர்தான் இருந்தார்கள். மணி நேரக் கணக்கு மட்டும் எங்களுக்குக் கஷ்டமாக இல்லை, ஏனென்றால் ஒரு கூத்து ஏழெட்டு மணி நேரம். ஆயிரம் பேரைச் சேர்க்கத்தான் அடுத்த வருடம் வரை ஆனது.

நீள வீடியோவில் ஓடும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸில் 45 சதவீதம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள். எங்கள் தெருவில் கதவு எண் ஒழுங்காக இல்லாததால் அந்தக் கவர் இரண்டு முறை வரவே இல்லை. மூன்றாவது முறை அப்பா பெயரையும் "புளி மண்டி எதிரில்" என்பதையும் சேர்த்து எழுதினேன். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள், மாதம் 21-லிருந்து 26-க்குள். அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்து வரும் பணத்துக்கு அந்த ஊர் வரி பிடிக்கப்படும். படிவத்தில் பான் எண் கொடுத்துச் சரியாக நிரப்பினால் இந்தியர்களுக்கு 15 சதவீதம். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுக்க வரும் பணத்தில் 24 சதவீதம்வரை போகலாம். நம் ஊர் வருமான வரிக்கு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் வருமானம் மாசியில் ஏறி ஆடியில் இறங்கிவிடும். மற்ற மாதங்களில் கல்யாண வீடியோ எடுக்கிறோம், மூன்று குடும்பமும் அதில்தான் ஓடுகிறது. வருகிற காசில் முக்கால்வாசி அதுதான்.

கேம் ஆப் விளம்பரம் ஏன் எடுப்பதில்லை? நல்ல காசு கொடுப்பார்களே?

சூது துகில் வீடியோவுக்கு நடுவில் ரம்மி ஆப் பற்றி முப்பது வினாடி பேசச் சொல்லி ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில் எங்களுக்குப் பெரிய தொகைதான். தருமர் நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் பகடையில் தோற்று நிற்கிறார், அந்த இடத்தில் நான் எப்படிப் பேசுவேன்? முடியாது என்று சொல்லிவிட்டோம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் அதற்குள் நிறையவே இழந்துவிட்டார்கள்.

சில வீடியோக்களில் நடுவில் சத்தமே இல்லையே, ஏன்?

கட்டியங்காரன் சினிமாப் பாட்டு பாடிய இடம் அது. ஜனங்களை எழுப்ப ஒரு பழைய பாட்டை எடுத்துவிடுவார், திடலே கைதட்டும். ஆனால் யூடியூபின் தானியங்கிச் சோதனை மெட்டைக் கண்டுபிடித்துவிடுகிறது. அப்போது வருவது கிளைம்: அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் வேறு, அது உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவையே நீக்க வைப்பது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்து வீடியோவை அழித்துவிடாதீர்கள். எட்டு மணி நேரக் கூத்தின் வருமானம் நாற்பது வினாடிப் பாட்டுக்காக முழுக்கப் போவது கலைஞர்களின் பங்கையும் தொடுவதால், அந்த இடத்தை மட்டும் மௌனமாக்குகிறோம். மனசே இல்லாமல்தான் செய்கிறோம்.

எங்கள் ஊர்ப் பாரதத்தை மட்டும் ஏன் லைவ் போடவில்லை?

சிக்னல்தான் காரணம். அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டோரத்தில் நடுராத்திரி நெட் நிற்காது. அங்கெல்லாம் பதிவு செய்து மறுநாள் போடுகிறோம். லைவ் போட நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று: முதல் முறை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் ஆகும், திருவிழா அன்று காலையில் அழுத்தினால் அன்று இரவு கிடைக்காது. 12 மணி நேரத்தைத் தாண்டினால் லைவ் பிறகு சேனலில் சேமிக்கப்படாமலும் போகலாம்.

அருள் வந்து ஆடுபவர்களை ஏன் காட்டுவதில்லை? தபசு மரத்தடியில் இருக்கும் பெண்களையும் காட்டுவதில்லையே?

அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரத்தை நட்டு, அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து விபூதி, எலுமிச்சை, பூ எல்லாம் கீழே போடுவார். பிள்ளை வரம் வேண்டி ஈரச் சேலையோடு மடியேந்தி நிற்கும் பெண்களுக்கு அது விழும். அவர்கள் அம்மனிடம் கேட்க வந்தவர்கள். அவர்கள் முகம் ஓசூரில் யாரோ ஒருவரின் போனில் ஓட வேண்டிய அவசியம் என்ன? ஒருமுறை அந்தக் காட்சியை முழுசாகப் போட்டுவிட்டேன். வேறு ஒருவர் அதில் பதினைந்து வினாடியை வெட்டிக் கிண்டலாகச் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் பரப்பிவிட்டார். அந்தப் பெண்ணின் அண்ணன் எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. "எங்க பாப்பா வெளிய வரமாட்டேங்குது சார்" என்று மட்டும் சொன்னார். வீடியோவை எடுத்துவிட்டேன், அந்த வெட்டுத் துண்டையும் புகார் செய்து நீக்க வைத்தோம். அதிலிருந்து கேமரா மரத்தின் மேல்பாதியோடு நின்றுவிடும். அருள் வந்தாலும் அப்படித்தான், தம்பி கேமராவை மிருதங்கக்காரர் பக்கம் திருப்பிவிடுவான்.

கமெண்டை ஏன் அழிக்கிறீர்கள்?

சாதிப் பெயர் சொல்லி இழுக்கும் கமெண்ட் எதுவாக இருந்தாலும் அழிப்போம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி. எங்கள் மாவட்டம் இதனால் பட்டது போதும். குறிப்பிட்ட சொற்கள் இருந்தால் கமெண்டை நிறுத்தி வைக்கும் வசதி யூடியூபில் இருக்கிறது, அந்தப் பட்டியலை நாங்கள் வாரா வாரம் நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

கொரோனா நேரத்தில் என்ன செய்தீர்கள்?

2020, 2021 இரண்டு வருடமும் ஊரடங்கு சரியாகக் கூத்துக் காலத்தில் வந்து விழுந்தது. பங்குனியிலிருந்து ஆனி வரை சம்பாதித்துத்தான் கலைஞர்கள் வருடத்தை ஓட்டுவார்கள். துரியோதனன் வேடத்தில் நடுங்க வைப்பவர் ரோட்டு வேலையில் ஜல்லி அள்ளினார். கையிலிருந்த பழைய பதிவுகளைத் தினம் ஒன்றாகப் போட்டு, கீழே அந்தந்த ஜமாவின் வங்கிக் கணக்கைக் கொடுத்தோம். ஆயிரமும் ஐந்நூறுமாக ஜனங்கள் நேராக அனுப்பினார்கள். 1 லட்சம் சப்ஸ்கிரைபருக்கான வெள்ளி பட்டன் எங்களுக்கு வந்ததும் அந்தக் காலத்துக்குப் பிறகுதான். அது இப்போது எங்கள் வீட்டில் இல்லை, என்னைப் பேர் கேட்ட அந்த வாத்தியார் வீட்டில் இருக்கிறது.

என் பையன் காலேஜை விட்டுவிட்டு யூடியூப் செய்கிறேன் என்கிறான். விடலாமா?

படிப்பை விட வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா. நான் ஓசூர் வேலையை விட்டது சேனல் ஆரம்பித்து நான்காம் வருடம், அதுவும் கல்யாண ஆர்டர் நிலையாக வந்த பிறகுதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பம் 2018-ல் ஆரம்பித்த வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது என்று எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். நானும் அவர்களை மனதார ரசிப்பவன். ஆனால் அவர்கள் சமையல் தெரிந்த தாத்தாவை வைத்து, தங்களுக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தார்கள். உங்கள் பையனிடம் கேட்டுப் பாருங்கள், கேமரா இல்லாவிட்டாலும் அவன் எதைச் செய்துகொண்டிருப்பான் என்று. மாந்தோப்போ, பட்டுப்பூச்சி வளர்ப்போ, நடுகல் தேடுவதோ ஒன்று சொன்னால், லீவு நாளில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வந்தால் கேமரா பிடிக்க நானே சொல்லிக்கொடுக்கிறேன், காசு வேண்டாம்.

ஒகேனக்கல் பரிசல், மீன் வறுவல் போட்டால் வியூ அள்ளுமே?

அள்ளும். அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கூத்துக்கு வருவீர்களா? எவ்வளவு கேட்பீர்கள்?

நாள், கோயில், ஆடும் ஜமா, எந்தக் கதை என்று நான்கும் அனுப்புங்கள். போக்குவரத்துச் செலவு கொடுத்தால் போதும், அதுவும் முடியாத ஊராக இருந்தால் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு ஊர் என்றால் வயதான வாத்தியார் ஆடும் ஊருக்குத்தான் முதலில் போவோம். சப்ஸ்கிரைபர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இறந்துபோன கலைஞரின் வீடியோ கிடைக்குமா?

அவர் குடும்பத்துக்கு வெட்டாத முழுப் பதிவையே கொடுப்போம், காசு கிடையாது. ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தால் போதும். போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர் இருபது வருடம் திரௌபதி வேடம் கட்டியவர். வீடியோவில் கூத்து ஆரம்பிக்கும் முன்னால் அவர் கொட்டகையில் உட்கார்ந்து, வேடம் இல்லாத முகத்தோடு, யாரிடமோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறார். அந்த அம்மா கூத்துப் பகுதியை ஓட்டச் சொல்லவில்லை. அந்த ஆறு வினாடியைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.